இருபது ஏற்றி இருபது இறக்கியபோது நான்கு ராண்ட் எங்கே போயிற்று?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் நடுப்பகுதியில், விக்டோரியா தெருச் சந்தைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு மசாலாக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். விருதுநகரில் வற்றல் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, கடல் கடந்து வந்தும் மிளகாய் நெடியிலிருந்து தப்ப முடியவில்லையே என்று என் மனைவி அடிக்கடி சிரிப்பாள். கடை முதலாளி இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இவ்விரண்டு சொற்கள் போக எங்கள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், கீழே அவர் பேசுவதாக வரும் தமிழ் என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து வரும் வற்றலின் கொள்முதல் விலை திடீரென ஏறியபோது, எல்லா மசாலாக்களுக்கும் 20 விழுக்காடு விலையை ஏற்றச் சொன்னார் அண்ணா, ஏற்றினேன். ஐந்தாறு மாதங்களில் வரத்து சீராகி, கொள்முதல் விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. “ஏற்றின இருபதை இறக்கிவிடு தம்பி” என்றார். கணினியில் விலைப்பட்டியலைத் திறந்து, மசாலா வகைகள் அனைத்தையும் தெரிவுசெய்து, குறைக்க வேண்டிய விழுக்காடு என்ற கட்டத்தில் 20 என்று அடித்துப் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். கணக்குப்பிள்ளை என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் செய்த காரியம் இது என்பதை வெட்கத்தோடு பதிவுசெய்கிறேன்.

பிழையைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, அண்ணாவும் இல்லை. டோங்காட்டிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்து மூன்று கிலோ மசாலா வாங்கிச் செல்லும் ஓர் அக்கா உண்டு. பழைய பற்றுச்சீட்டுகளையெல்லாம் மடித்துப் பணப்பையில் வைத்திருப்பவர். விலை ஏறுவதற்கு முன்பு வாங்கிய சீட்டில் வரியோடு சேர்த்துக் கிலோ, இந்நாட்டுப் பணத்தில், 115 ராண்ட் என்று இருந்தது. அன்று கல்லாவில் 110.40 என்று விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். அவருக்கோ ஐயம் வந்துவிட்டது. கேட்காமலேயே கடைக்காரன் விலையைக் குறைத்தால் எடையில் கைவைத்திருப்பான் என்பது அவர் துணிபு. பொட்டலத்தைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னார், வைத்தேன், சரியாக ஒரு கிலோ காட்டியது. முகத்தில் தெளிவு இல்லாமலேயே பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் நான் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தேன்.

15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியை நீக்கிவிட்டால் அந்த மசாலாவின் பழைய விலை 100 ராண்ட். 20 விழுக்காடு ஏற்றியதும் 120 ஆனது. இறக்கும்போது நான் எடுத்த 20 விழுக்காடு இந்த 120இன் மேல் எடுத்தது. ஆகவே கழிந்தது 24 ராண்ட், நின்றது 96. ஏற்றியது நூற்றின்மேல், இறக்கியது நூற்றிருபதின்மேல். இரண்டு இடத்திலும் எண் ஒன்றுதான் என்றாலும் அது நின்ற அடி வேறு. விழுக்காடு என்று வரும் எந்தக் கணக்கிலும் நான் இப்போது முதலில் கேட்கும் கேள்வி “எதன்மேல்?” என்பதுதான்.

100இல் 4 ராண்ட்தானே என்று தோன்றலாம். அந்த மசாலாவின் அடக்கவிலை 84 ராண்ட். பழைய விலையில் கிலோவுக்கு 16 ராண்ட் லாபம் கிடைத்தது. 96க்கு விற்றபோது 12 ராண்ட்தான் கிடைத்தது. விற்பனை விலையில் 4 விழுக்காடு குறைந்தது, லாபத்தில் 25 விழுக்காட்டைத் தின்றுவிட்டது. அதே 4 ராண்ட்தான். 100இன்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று, 16இன்மேல் வைத்துப் பார்த்தால் வேறொன்று. அண்ணாவிடம் இதைச் சொல்லப் போனபோது விலைக் கணக்கை முதலில் சொல்வதா, லாபக் கணக்கை முதலில் சொல்வதா என்று சற்றே தயங்கினேன். விலைக் கணக்கைத்தான் முதலில் சொன்னேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “இருபதைக் கூட்டி இருபதைக் கழித்தால் பூச்சியம். கணினி எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறது” என்றார். தாளும் பேனாவும் அவரிடம் செல்லாது என்று எனக்குத் தெரியும். பின்கட்டில் நூறு கிராம் பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் மேசைக்கு அவரை அழைத்துச் சென்று, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கினேன்: நூறு பொட்டலம். பிறகு ஒவ்வொரு வரிசையின் முனையிலும் இரண்டிரண்டு பொட்டலம் சேர்த்தேன். வரிசை பன்னிரண்டாக நீண்டது, மொத்தம் 120. இப்போது வரிசைகளில் 20 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்றால் பத்து வரிசையில் இரண்டை எடுக்க வேண்டும். கீழிருந்த இரண்டு வரிசைகளை வாரி எடுத்தேன். எடுத்த வரிசைகளில் இருந்தவை பத்துப் பத்துப் பொட்டலம் அல்ல, பன்னிரண்டு பன்னிரண்டு. நான் சேர்த்து நீட்டிய முனையும் அவற்றோடு போய்விட்டது. மிச்சம் எட்டு வரிசை, பன்னிரண்டு பன்னிரண்டாக, 96. அண்ணா குனிந்து அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டுக்கு இரண்டாக நான்கு பொட்டலம் அந்த மூலையில்தான் காணாமல் போயிருந்தது. அதன் பிறகு அவர் கணினியைக் குறை சொல்லவில்லை.

அந்த மூலையைப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஓர் அளவை 10 ஏற்றி 10 இறக்கினால் மூலையில் இழப்பது ஒன்றுக்கு ஒன்று, ஆக 99 மிஞ்சும். 30 ஏற்றி 30 இறக்கினால் மூன்றுக்கு மூன்று, ஆக 91. 50 ஏற்றி 50 இறக்கினால் ஐந்துக்கு ஐந்து, ஆக 75, கால்வாசியே போய்விடும். முதலில் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றினாலும் இதே முடிவுதான். ஏற்ற இறக்கம் எவ்வளவு சமமோ அவ்வளவு உறுதியாக நட்டம் உண்டு, எண் பெரிதாகப் பெரிதாக நட்டம் அதைவிட வேகமாகப் பெருகும்.

அப்படியானால் நான் எவ்வளவு இறக்கியிருக்க வேண்டும்? ஏற்றியது 20 ராண்ட். அதை 120இலிருந்து எடுக்க வேண்டும். 120இல் 20 என்பது ஆறில் ஒரு பங்கு, அதாவது 16.67 விழுக்காடு. இதை விழுக்காட்டில் சொன்னால் நினைவில் நிற்காத ஓர் எண்ணாகத்தான் இருக்கிறது. பின்னத்தில் சொன்னால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: ஐந்தில் ஒன்று ஏற்றினால் ஆறில் ஒன்று இறக்க வேண்டும். நான்கில் ஒன்று ஏற்றினால் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று ஏற்றினால் பதினொன்றில் ஒன்று. என் தாத்தா பழைய தமிழ் வாய்ப்பாடான எண்சுவடி படித்தவர். அவர் வாயில் விழுக்காடு என்ற சொல்லே வராது. இருபதில் ஒன்று ஒருமா, பத்தில் ஒன்று இருமா, ஐந்தில் ஒன்று நாலுமா, பதினாறில் ஒன்று மாகாணி. கால் ஏற்றினால் நாலுமா இறக்கு என்று அந்தக் கணக்கில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கால் என்றும் நாலுமா என்றும் இரண்டு பெயராக இருப்பதால், ஏற்றமும் இறக்கமும் வேறுவேறு அளவு என்பது காதில் விழும்போதே தெரிந்துவிடும். 25 என்றும் 20 என்றும் எழுதும்போது அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. பழையது எல்லாம் சிறந்தது என்று வாதாடுகிறவன் அல்லன் நான். கணினிக்கு நாலுமா தெரியாது, அதோடு நான் பிழைப்பு நடத்தியாக வேண்டும்.

சனிக்கிழமை மாலைகளில் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கணக்குப் படிக்க வருகிறார்கள். இங்கே பத்தாம் வகுப்பிலிருந்து கணிதத்துக்கு மாற்றாக மேத்தமட்டிக்கல் லிட்டரசி என்றொரு பாடம் உண்டு. வரி, மின்கட்டணம், வட்டி, தள்ளுபடி என்று அன்றாட வாழ்க்கைக் கணக்குகளாகவே அதில் வரும். கணிதம் எடுத்த பிள்ளைகள் அதை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. முக்கோணவியலில் தடுமாறாத பையன் தள்ளுபடிக் கணக்கில் தடுமாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பல பயிற்சிப் புத்தகங்கள் ஒரு சூத்திரத்தைச் சொல்லித் தருகின்றன: முதல் மாற்றத்தையும் இரண்டாம் மாற்றத்தையும் கூட்டி, இரண்டின் பெருக்கலை நூறால் வகுத்து அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், இறக்கமாக இருந்தால் கழித்தல் குறி இட வேண்டும். சூத்திரம் சரியானதே. நம் கணக்கில் 20 கூட்டல், 20 கழித்தல், பெருக்கல் 400 நூறால் வகுபட்டுக் கழித்தல் 4. மேசையில் காணாமல் போன மூலைதான் அது. ஆனாலும் நான் இதைச் சொல்லித் தருவதில்லை. மூன்றாவது மாற்றம் ஒன்று வந்தால் சூத்திரத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், இடையில் ஒரு குறி தவறினால் எல்லாம் தவறும், அதைவிட முக்கியமாக, என்ன நடக்கிறது என்பது சூத்திரத்துக்குள் மறைந்துபோய்விடும். 20 ஏறினால் 1.20ஆல் பெருக்கு, 20 இறங்கினால் 0.80ஆல் பெருக்கு, எத்தனை மாற்றம் வந்தாலும் வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போ, கடைசியில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார் என்பது ஒன்றுதான் நான் சொல்வது. 1.20 × 0.80 = 0.96, ஒன்றுக்கு 0.04 குறைவு, நிகர மாற்றம் 4 விழுக்காடு இறக்கம்.

இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட மின்கட்டணத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. எஸ்காம் நிறுவனத்திடம் நேரடியாக மின்சாரம் வாங்குவோருக்கு ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா ஒப்புதல் அளித்த உயர்வு 2023இல் 18.65 விழுக்காடு, 2024இல் 12.74 விழுக்காடு, 2025இல் மறுபடியும் 12.74 விழுக்காடு. எங்களைப் போல் நகராட்சி வழியாக வாங்குவோருக்கு எண்கள் வேறு, தேதியும் வேறு. ஆனால் கணக்கு ஒன்றுதான். மூன்றையும் கூட்டினால் 44.13 வருகிறது, பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்வதும் அதைத்தான். பெருக்கிப் பாருங்கள்: 1.1865 × 1.1274 × 1.1274 = 1.5081. மூன்று ஆண்டில் ஏறியது 50.81 விழுக்காடு. கூட்டிச் சொன்னவர் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டைத் தவற விட்டுவிட்டார். முன்பு 1,000 ராண்ட் கட்டிய வீடு அதே அளவு மின்சாரத்துக்கு 2025இல் 1,508 கட்ட வேண்டியிருந்தது. சரி, பழைய கட்டணத்துக்குத் திரும்ப வேண்டுமானால் எத்தனை விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் ஐம்பது என்பார்கள், விடை 33.69. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் குறைத்தால் போதும், யாராவது குறைப்பார்களேயானால்.

கட்டணம் ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு ஏறியது என்று ஒரு பெண் கேட்டாள். 44.13ஐ மூன்றால் வகுத்தால் 14.71. ஆனால் 14.71ஐ மூன்று முறை அடுத்தடுத்து ஏற்றினால் 1.5081ஐத் தாண்டிவிடும். மூன்று முறை தன்னைத்தானே பெருக்கினால் 1.5081 தரும் எண்ணைத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது 1.1468, ஆகச் சராசரி 14.68 விழுக்காடு. இங்கே வேறுபாடு மிகச் சிறியது, ஏனென்றால் மூன்று உயர்வும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. ஒரு முதலீடு ஓர் ஆண்டு 50 ஏறி மறு ஆண்டு 50 இறங்கினால், வெறும் சராசரி பூச்சியம் என்று காட்டும். கையிலோ முக்கால் பங்குதான் இருக்கும். ஏறிய ஆண்டையும் இறங்கிய ஆண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி ஈட்டம் என்று யாராவது விளம்பரம் செய்தால், பெருக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை இங்கே கருப்பு வெள்ளி விற்பனை அமர்க்களப்படும். 30 விழுக்காடு தள்ளுபடி, கல்லாவில் அதற்கும் மேல் 20 விழுக்காடு என்று அட்டை தொங்கும். பாதி விலை என்று நினைத்துத்தான் எல்லோரும் உள்ளே போகிறோம், 0.70 × 0.80 = 0.56, ஆகத் தள்ளுபடி 44தான். இதில் வகுப்பில் ஒரு சண்டையே நடந்தது. 10 விழுக்காடு தள்ளுபடியும் 15 விழுக்காடு வரியும் இருந்தால் எதை முதலில் போட்டால் வாங்குகிறவருக்கு நல்லது என்று ஒருவன் கேட்டான். தள்ளுபடிக்குப் பிறகு வரி போட்டால் வரி குறையும் என்றது ஒரு கட்சி, வரிக்குப் பிறகு தள்ளுபடி எடுத்தால் தள்ளுபடி கூடும் என்றது மறு கட்சி. இரண்டு கட்சி சொன்னதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 0.90 × 1.15 என்றாலும் 1.15 × 0.90 என்றாலும் 1.035தான். வரிசை மாறினால் இடையில் வரும் எண் மாறும், கடைசி எண் மாறாது. ஆனால் தள்ளுபடி விழுக்காடாக இல்லாமல் 50 ராண்ட் என்று நிலையான தொகையாக இருந்தால் வரிசை முக்கியம். 200 ராண்ட் பொருளில் 50ஐக் கழித்துவிட்டு வரி போட்டால் 172.50, வரி போட்டுவிட்டு 50ஐக் கழித்தால் 180. சண்டை போட்ட இரண்டு கட்சியும் இதைக் கேட்ட பிறகு ஒன்றுசேர்ந்து என்மேல் பாய்ந்தன, முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று.

அடுத்தடுத்து வரும் மாற்றத்தைத்தான் பெருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவற்றை அல்ல. எங்கள் கடையில் அரிசிக்கும் காய்ந்த பருப்புக்கும் வரி பூச்சிய விழுக்காடு, மசாலாவுக்கு 15. ஒருவர் 600 ராண்டுக்கு அரிசி பருப்பும் 400 ராண்டுக்கு மசாலாவும் வாங்கினால் 1,000 ராண்டுக்கு வரி 60, அதாவது 6 விழுக்காடு. பூச்சியத்தையும் 15ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து ஏழரை என்றால் தவறு. ஒவ்வொன்றும் எவ்வளவு தொகையின்மேல் நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வரி என்று வந்துவிட்டதால், நான் செய்ததைப் போலவே எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிக் காலத்தில் அவர் கல்லாவில் விழுந்தது, வரியோடு சேர்த்து, 46,000 ராண்ட். அதில் 15 விழுக்காடு வரி என்று 6,900 ராண்டைக் கணக்கிட்டுக் கட்டிவிட்டார். வரி போடப்பட்டது 46,000இன்மேல் அல்லவே! வரிக்கு முந்திய விலை 40,000. அதன்மேல் 15 விழுக்காடு 6,000. தேவையில்லாமல் 900 ராண்ட் கூடுதலாகப் போனது. 100 ராண்ட் பொருள் 115 ஆகிறது. அந்த 115இல் 15 என்பது 23இல் 3. வரி சேர்ந்த தொகையை 23ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் வரி தனியே வந்துவிடும் என்பதைக் கணக்கு எழுதுகிற எல்லோரும் இங்கே மனப்பாடமாக வைத்திருப்பார்கள். விழுக்காட்டில் சொன்னால் அது 13.04. வரி விகிதம் 14ஆக இருந்த காலத்தில் 57இல் 7. 2025இல் விகிதத்தை 15.5 ஆக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டு, நடைமுறைக்கு வருமுன்னரே ஏப்ரலில் கைவிடப்பட்டது. அது வந்திருந்தால் 231இல் 31 என்று வகுத்துக்கொண்டிருந்திருப்போம். நாட்டுக்கு அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், கணக்குப்பிள்ளைகள் பிழைத்தோம்.

இந்த வரி 1991இல் 10 விழுக்காட்டில் தொடங்கி, 1993இல் 14 ஆகி, 2018 ஏப்ரல் 1 முதல் 15 ஆனது. கடைசி மாற்றத்தை எப்படிச் சொல்வது? ஒரு புள்ளி ஏறியது என்பவர் விகிதத்தைச் சொல்கிறார். 7.14 விழுக்காடு ஏறியது என்பவர், 14 ராண்ட் வரி 15 ராண்ட் ஆனதைச் சொல்கிறார். 0.88 விழுக்காடு ஏறியது என்பவர், 114 ராண்டுக்கு வாங்கிய பொருள் 115 ஆனதைச் சொல்கிறார். மூவரும் மெய்தான் சொல்கிறார்கள். எதன்மேல் என்று கேட்டால்தான் எதிர்க்கட்சிக்காரர் யார், ஆளுங்கட்சிக்காரர் யார் என்று தெரியும்.

பத்திலிருந்து பதினான்கு என்றதும் இன்னொரு பத்தும் பதினான்கும் நினைவுக்கு வருகின்றன. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து தொடங்கும் ஒப்பந்தக் கூலி வரலாற்றில், ஆண்களுக்கு முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங்; ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. இதை விழுக்காட்டில் எழுதினால் முதல் உயர்வு 10, அடுத்தது 9.09, அதற்கடுத்தது 8.33, கடைசி 7.69. ஏறுவது ஒவ்வொரு முறையும் அதே ஒரு ஷில்லிங்தான், ஆனால் அடி உயர உயர விழுக்காடு தேய்கிறது. நான்கையும் கூட்டினால் 35.11, உண்மையான ஏற்றம் 40. பெருக்கல் முறையின் அழகு இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்: பத்தில் பதினொன்று, பதினொன்றில் பன்னிரண்டு, பன்னிரண்டில் பதின்மூன்று, பதின்மூன்றில் பதினான்கு என்று எழுதிப் பெருக்கினால் நடுவில் நிற்பவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், பத்தில் பதினான்கு மட்டும் நிற்கும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்குவோர்மீது 1895இல் சட்டமியற்றி ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி விதித்தார்கள். அது 60 ஷில்லிங், மாதம் 14 ஷில்லிங் கூலியில் நான்கு மாத உழைப்புக்கும் மேல். 1914இல்தான் அது நீங்கியது. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் விழுக்காட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மீதி எட்டு மாதத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள்.

அண்ணாவிடம் இப்போதெல்லாம் பெருக்கல் முறையில்தான் பேசுகிறேன். கடை வாடகை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வு என்று இருந்ததைப் பார்த்து, எட்டுதானே என்றார். 1.08ஐ ஒன்பது முறை பெருக்கிக் காட்டினேன்: 1.999. பத்தாம் ஆண்டில் வாடகை இரு மடங்கு. டாலர் 15 ராண்டிலிருந்து 18.75 ஆனால் டாலர் 25 ஏறியது என்பார் இறக்குமதி செய்பவர், ராண்ட் 20 இறங்கியது என்பார் செய்தி வாசிப்பவர். கால் ஏற்றி நாலுமா இறக்கிய அதே கணக்கு.

என் பிழையைத் திருத்தியாக வேண்டியிருந்தது. 96ஐ 100 ஆக்க 4 விழுக்காடு ஏற்றினால் 99.84தான் வரும், 4.17 ஏற்ற வேண்டும். இந்த முறை விழுக்காட்டுக் கட்டத்தையே தொடாமல், பழைய விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் விலையைக் கையால் அடித்தேன். அன்று மாலை முழுவதும் அதற்கே போனது.

அடுத்த மாதம் டோங்காட் அக்கா வந்தார். கல்லாவில் 115 விழுந்தது. பணப்பையைத் திறந்து, போன மாதத்துச் சீட்டை எடுத்து மேசையில் வைத்து, “110.40 தம்பி” என்றார். அவருக்கு எல்லாக் கணக்கையும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். 115இல் 4 விழுக்காடு தள்ளுபடி என்று அடித்தேன். சரியாக 110.40. அவர் பொட்டலத்தை எடுத்து, மறக்காமல், தராசில் வைத்தார்.